ஒரு சாண்

முப்பிடாதி,
செருப்பை எங்கே விடுவதென்று தெரியாமல்
வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாய்.
முதல் மணி ஓய்ந்துவிட்டது.
இரண்டாம் மணிக்கு வேதமுத்து கயிற்றைப் பிடித்தாயிற்று.
நாலு மைல் தேரிக்காடு
கணுக்கால்வரை சிவப்பாய் ஒட்டியிருந்தது.
தட்டினாய், தட்டினாய்,
போகவில்லை.

வா.
இந்தக் கோயில் தரையில்
அந்த மண் படாத ஞாயிறே கிடையாது.

நான் மூன்றாம் பெஞ்சுக்காரி.
எந்தப் பதிவேட்டிலும் அப்படி எழுதியில்லை.
ஆனாலும் என் மாமியார் உட்கார்ந்த இடம் அது.
பிரசங்கம் நீண்ட நாட்களில்
அவள் நகம் கீறிய தடம் விளிம்பில் இருக்கிறது.
நீ அதில் உட்கார வந்தபோது
கனகமணி தன் பையை நடுவில் வைத்தாள்.
பார்த்தேன்.
நீயும் பார்த்தாய்.
பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்சம் நகர்ந்தேன்.
ஒரு சாண் இருக்கும்.
வாசலில் 'நல்வரவு' என்று
இரண்டடி உயரத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.
பெஞ்சில் அதற்கு அளவு ஒரு சாண்.

எப்போது எழும்ப, எப்போது முழங்கால் போட
என்று திகைக்கிறாயே,
ஒரு ரகசியம் சொல்கிறேன்.
நாங்கள் முன்வரிசையைப் பார்த்து எழும்புகிறோம்.
முன்வரிசை ஐயரைப் பார்க்கிறது.
போன அறுப்பின் பண்டிகையில்
ஐயர் மூக்குக்கண்ணாடி தேடிக் கையைத் தூக்க
சபை முழுக்க எழும்பி நின்றது.

விசுவாசப் பிரமாணம்
என் வாயில் ஓடும் வேகத்துக்கு
பீடி சுற்றும் என் விரல்கூட ஓடாது.
ஐம்பது வருஷப் பழக்கம்.
நீ எழுத்துக் கூட்டினாய்:
பா... வ... மன்... னிப்... பும்...
அங்கே நிறுத்தி மூச்சு விட்டாய்.
நாங்கள் நித்திய ஜீவனையும் தாண்டி
ஆமென் போட்டாயிற்று.
நீ மட்டும் பாவமன்னிப்பில் நின்றிருந்தாய்.
அந்த இடத்தில் நான் ஒருநாளும்
நின்றதே இல்லை என்பது
அப்போதுதான் தெரிந்தது.

இன்னொரு நாள் நாலு முட்டை கொண்டுவந்தாய்.
ஆராதனை முடிந்து ஏலம் விட்டார்கள்.
செல்லையா கணக்கர் அறுபது ரூபாய்க்கு எடுத்தார்.
"சாமிக்குக் கொடுத்தத விக்காங்களா, நட்சத்திரம் அக்கா?"
என்றாய் என் காதில்.
சிரித்தேன்.
வீட்டுக்கு வந்தபிறகும்
பதில் அகப்படவில்லை.

ஞானஸ்நானத்தன்று ஐயர் கேட்டார்,
"என்ன பேர் வைக்கலாம்?"
மேரி, மார்த்தாள், ரெபேக்காள் என்று
பின்னாலிருந்து ஆளுக்கொன்று சொன்னோம்,
கிடைக்குப் பக்கத்தில் நின்று
ஆட்டுக்குட்டிக்குச் சொல்வதுபோல.
நீ தலைத் துணியைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாய்:
"அவரு என்னய இந்தப் பேரச் சொல்லித்தான கூப்பிட்டாரு?
இதுவே இருக்கட்டும்."
ஐயர் பேனாவைத் திறந்தவர்
கொஞ்ச நேரம் எழுதவில்லை.
பிறகு எழுதினார்,
எழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாக.

கொடைக்கு வரி கேட்டு வந்த கொழுந்தன்
வாசலோடு திரும்பிப் போய்
இரண்டு மாதமாய்ப் பேசவில்லை என்றாய்.
பெண்கள் கூட்டத்தில் உன் முறை வந்தபோது
அவனைப் பற்றிக் குறை சொல்வாய் என்று இருந்தோம்.
அவன் வெள்ளாடு சினையாய் இருக்கிறது,
நல்லபடியாய் ஈனவேண்டும் ஆண்டவரே, என்றாய்.
ஆமென் சொல்ல
எங்களுக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது.

நாங்கள் பிறந்து விழுந்தது விசுவாசத்தில்.
வீட்டுவரி ரசீது மாதிரி
எங்கேயோ பெட்டிக்குள் பத்திரமாய் இருக்கிறது.
நீ அதைக் கையில் பிடித்துக்கொண்டு
வெயிலில் நடந்து வந்திருக்கிறாய்.
உனக்குத் தைரியம் சொல் என்று
என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.
என்ன சொல்ல?

ஒன்று மறந்துபோனேன்.
உனக்கு விட்டேனே அந்த ஒரு சாண்,
அதற்கு நேர் மேலேதான் ஓடு ஒழுகும்.
கமிட்டியில் மூன்று வருஷமாய்ப் பேசுகிறார்கள்.
ஐப்பசி பிறந்தால் குடை கொண்டு வா.
மறந்துவிட்டாலும் வா.
இன்னும் கொஞ்சம் நெருக்கி உட்காரலாம்.
கனகமணியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.