ஒரு தோட்டா குறைகிறது

அப்பாவை அடக்கம் செய்த மறுநாளே
ஏற்காடு ஸ்டேஷன் ஏட்டு வந்தார்.
துக்கம் கேட்டார், காப்பி குடித்தார்,
வாசலில் கழற்றிய செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"லைசென்ஸ் அவரோட முடிஞ்சுதும்மா.
இனி அது இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

அது என்றால்
பீரோவுக்குப் பின்னால் சாக்கு உறையில்
நாற்பது வருடம் நின்ற இரட்டைக் குழல்.
அந்த மூலையைப் பெருக்கும்போது மட்டும்
அம்மா துடைப்பத்தை இடக்கைக்கு மாற்றுவாள்.

குழலை மடித்துக் காலி என்று காட்டினேன்.
ஏட்டு இரண்டு துளைக்குள்ளும் ஜன்னலைப் பார்த்தார்.
ரசீது கொடுத்தார்:
ஞானாதிக்கம் (லேட்), துப்பாக்கி ஒன்று,
தோட்டாக்கள் அட்டைப் பெட்டியில்.

வாரிசுச் சான்றுக்கு மலையிலேயே நான்கு நடை.
வி.ஏ.ஓ. மாற்றலாகிப் போயிருந்தார்,
புதியவர் எங்கள் காப்பித் தோட்டத்தைக் கண்டதில்லை,
காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.
பிறகு தேர்தல் வந்தது.
சேலம் கலெக்டர் ஆபீசில் இரண்டு மாதம்
எந்தக் காகிதமும் மேசை மாறவில்லை.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
"அடுத்த வாரம்" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு
இருபதும் ஏறினேன்.

எனக்கு அது வேண்டாம். விற்க வேண்டும்.
வேண்டாம் என்று சொல்லவும்
இன்னொரு வாரிசின் சம்மதம் தேவையாம்.

தம்பி ரெமிஜியுஸ் ஓசூரில் இருக்கிறான்.
பத்தொன்பது வருடமாகக் கடிதமில்லை.
முத்திரைத்தாள் திரும்பி வந்தது, நோட்டரி சீலோடு,
ஒரு வரி கூட இல்லாமல்.
கையெழுத்தில் அந்த "ஞா" மட்டும்
அப்பா போட்டது மாதிரியே
கால் நீண்டு கிடந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் ராவுத்தர் கடை.
ஸ்டேஷனிலிருந்து அங்கே மாற்றி வைக்க ஒரு கடிதம்,
வைத்திருக்க மாத வாடகை.
ராவுத்தர் லென்ஸ் வைத்து எண்ணைப் படித்தார்,
எழுதினார், திரும்பப் படித்தார்.
"ஒரு நம்பர் தப்பினா
இது வேற துப்பாக்கி ஆயிடும்மா."

வாங்குகிறவர் வாழப்பாடி செங்கோடன்.
மரவள்ளிக் கிழங்கைப் பன்றி தோண்டுகிறது என்று
மனுப் போட்டு, விசாரணை முடிந்து,
லைசென்ஸ் கைக்கு வர ஒன்றரை வருடம்.
அதற்குள் மூன்று போகம்
பன்றிக்கே போய்விட்டதாம்.
அவர் புத்தகத்தையும் அப்பா புத்தகத்தையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் ராவுத்தர்,
பெண் பார்க்கும் வீட்டில் ஜாதகம் வைப்பது போல.

பிறகு தோட்டாக்களை எண்ணினார்.
வாங்கியது இருபத்தைந்து.
செலவு பதின்மூன்று, தேதியோடு.
மிச்சம் பன்னிரண்டு இருக்க வேண்டும்.
பெட்டியில் பதினொன்று.

"ஒண்ணு குறையுதே."

தம்பி பங்கு கேட்ட ராத்திரி.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினான்.
அப்பா வராந்தாவுக்கு வந்தார்.
வானத்தைப் பார்த்துத்தான் சுட்டேன் என்பார்.
வானம் அவ்வளவு தாழ்வாகவா இருந்தது?
சில்வர் ஓக்கின் நெஞ்சுயரத்தில் குண்டுகள் ஏறியிருந்தன.
மிளகுக்கொடி படர்ந்து
இப்போது அந்த இடம் தெரியாது.
அந்தத் தேதியை அப்பா புத்தகத்தில் எழுதவில்லை.

"செலவான காரணம்" என்று ஒரு கட்டம்.
விரல் நீளம் கூட இல்லை.
பேனாவை வாங்கி எழுதினேன்:
பன்றி விரட்ட.

ராவுத்தர் நிமிர்ந்தார். "ஓடிச்சா?"
"ஓடிப்போச்சுங்க. ஓசூர் வரைக்கும்."

செங்கோடன் சிரித்தார். ராவுத்தர் சிரிக்கவில்லை.
சீல் வைத்து, மை உலர ஊதினார்.
பட்டியலில் இல்லாததால்
சாக்கு உறையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.
பஸ் ஸ்டாண்டில் ஒரு குரங்கு அதைப் பறித்து,
உள்ளே எட்டிப் பார்த்து,
எண்ணெய் நாற்றம் பிடிக்காமல் என் காலடியில் போட்டது.

விற்ற பணத்தில் பாதி அவனுடையது.
மணியார்டர் ஃபாரத்தின் அடியில்
சேதி எழுதக் கொஞ்சம் இடம் உண்டு.
தபால்காரர் படிப்பார் என்று யோசித்தேன்.
படிக்கட்டும்.

"அந்த ஒரு தோட்டாவுக்குக்
கணக்கு காட்டிவிட்டேன்.
மிளகு பறிக்க ஆள் இல்லை."