உள்ளே விட்ட துணி

வீரவநல்லூரில் ஜாக்கெட் தைக்கிறவள் நான்.
முப்பத்திரண்டு, முப்பத்தாறு, நாற்பது என்று
எத்தனை மார்பைச் சுற்றி வந்திருக்கிறது இந்த டேப்.
என்னுடையதை மட்டும்
பழைய அளவிலேயே தைத்துப் போட்டுக்கொள்வேன்.

ஆனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, குளிக்கையில்
இடப்பக்கம் விரலில் தட்டியது.
பிரஸ் பட்டன் மாதிரி. இல்லை,
ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி.
வலிக்கவில்லை. வலிக்காததில் ஒரு நிம்மதி.
அப்படி நிம்மதிப்படக் கூடாது என்று
பிறகுதான் சொன்னார்கள்.

அம்பாசமுத்திரத்து டாக்டரம்மா
பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள்:
"சாதாரணக் கட்டிதான். ஆறு மாசம் கழிச்சு வாங்க."
வண்ணார்பேட்டையில், ஏசி அறையில்,
எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டவர் சொன்னார்:
"ஆறு மாசமா? யாரு சொன்னது?
திங்கக்கிழமை வந்து படுங்க, எடுத்துருவோம்."

முதல் ஸ்கேனில் பதினான்கு மில்லிமீட்டர்.
இரண்டாவதில் இருபத்தொன்று.
நடுவில் ஒன்பதே நாள்.

ஒரே உடம்பை இரண்டு கை அளந்தால்
அரை இஞ்ச் முன்னே பின்னே வரும், எனக்குத் தெரியும்.
மூச்சை இழுத்து நிற்பவளுக்கு ஓர் அளவு,
விட்டு நிற்பவளுக்கு ஓர் அளவு.
சந்தேகமென்றால்
அளவு ஜாக்கெட் கொண்டா என்போம்.
இதற்கு எங்கே போய்
அளவு ஜாக்கெட் வாங்க?

மதினி சங்கரவடிவு விளக்கெண்ணெயோடு வந்தாள்.
"கத்தி பட்டா பரவிரும்ட்டி."
அவரிடம் கேட்டேன். "நீ என்ன சொல்லுத?" என்றார்.
மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார்.
மூன்றாம் தடவை
ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.
ராத்திரி ஒன்பது மணிக்கு, இருட்டில்,
நெடுநேரம் துடைத்தார்.

காலைப் பாசஞ்சரில்
இரண்டு ரிப்போர்ட்டையும் மடியில் விரித்தேன்.
காருகுறிச்சி வரை டாக்டரம்மா சொன்னது சரி.
சேரன்மகாதேவியில் வண்டி நின்றதும்
வண்ணார்பேட்டைக்காரர் சரி.
பேட்டை வருமுன் இரண்டு பேருமே தப்பு,
கட்டியே இல்லை என்று தோன்றி
கூட்டத்துக்கு நடுவே முந்தானைக்குள் தொட்டுப் பார்த்தேன்.
இருந்தது.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நூற்றுப்பதினேழாம் டோக்கன்.
"ஆவுடைத்தங்கம் யாரு? வாங்க."
சின்னப் பெண்தான் டாக்டர்.
மணி மூன்றாகியும் சாப்பிடாத முகம்.
தொட்டுப் பார்த்தாள், அக்குளையும்.
இரண்டு காகிதத்தையும் பக்கம் பக்கமாக வைத்து
தையல் தப்பிய இடத்தைத் தேடுகிறவள்போலக் குனிந்திருந்தாள்.
பிறகு சொன்னாள்:
"எனக்குத் தெரியலம்மா."

இத்தனை நாளில் அப்போதுதான்
உட்காரணும்போல் இருந்தது எனக்கு.

"படத்தப் பாத்து மட்டும் சொல்ல முடியாது.
ஊசி வச்சுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாப்போம்.
அதுவரைக்கும் வெட்டவும் வேண்டாம்,
சும்மா விடவும் வேண்டாம்."

ஊசி என்றால் எனக்குப் பழக்கம்தான்.
ஆனால் இது ஸ்டேப்ளர் மாதிரிச் சத்தம் போட்டது.
மூன்று தடவை.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் "இப்போ" என்று சொன்னாள்.

ரிசல்ட் வரப் பத்து நாள். இது ஏழாவது.

ஆவணியில் கொழுந்தன் மகள் கல்யாணம்.
மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர்.
என் ஜாக்கெட் துணி மட்டும் வெட்டாமல் கிடக்கிறது.
சாக்பீஸால் கோடு போட்டேன், அழித்தேன்.
இடப்பக்கத்துக் கோட்டை இரண்டாம் தடவையும் அழித்தேன்.
கண்ணாடி முன் நின்று, டேப்பைச் சுற்றி,
எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு
என் அளவை எழுதிக்கொண்டேன்.

வெட்டியாயிற்று.
உள்ளே அரை இஞ்ச் விடுவது வழக்கம்.
இதில் ஒன்றரை விட்டிருக்கிறேன்.
பிரிக்கவும் ஆகும். பிடிக்கவும் ஆகும்.

வாசலில் செருப்புச் சத்தம்.
"யக்கா, எனக்கு ஹூக்கு வச்சாச்சா?"
"நாளைக்கு வாட்டி."
"நேத்தும் இதத்தான சொன்னிய!"