எழுவாய்

பிப்ரவரி. ஜீலாந்து.
வெப்பமூட்டி பழுது.
மேலங்கி கழற்றாமல் ஒன்பது ஆசிரியர்கள்.
விசுவாசக் கண்ணோட்டத்தில் வரலாறு கற்பித்தல்,
பயிற்சியின் இரண்டாம் நாள்.
பாடம் நடத்திக் காட்டும் முறை
மரீனுஸ் வெர்ஸ்லாவுக்கு.

பலகையில் எழுதினார்:
1953. கடவுள் கடலை அனுப்பினார்.
அடிக்கோடு இழுக்கையில் சாக்பீஸ் ஒடிந்தது.
"பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது போதும்."

பயிற்சி தருபவள் நான்.
தலையாட்டிவிட்டு அடுத்தவரை அழைத்திருக்கலாம்.
என் கையேட்டின் பதினான்காம் பக்கத்தில்
ஏறக்குறைய இதே வாக்கியம் இருக்கிறது.
நான் எழுதியதுதான்.

பின்வரிசையில் யகோமினா
பைக்குள்ளிருந்து ஒரு நகலை எடுத்தாள்.
மரீனுஸின் ஊர் அணை வாரியம், கூட்டக் குறிப்பேடு.
வாசித்தாள், கடைக்குச் சீட்டு வாசிப்பதுபோல:

"1949, நவம்பர். தெற்கு அணையை அரை மீட்டர் உயர்த்துவது
செலவு கருதி ஒத்திவைக்கப்பட்டது.
1950. ஒத்திவைக்கப்பட்டது.
1951.
அதுவும்தான்."

பிறகு கேட்டாள்:
"கடல் வந்ததற்கு எழுவாய் இருக்கிறது.
ஒத்திவைத்ததற்கு ஏன் இல்லை?"

யாரோ ஃபிளாஸ்க் மூடியைத் திருகினார்கள்,
மூடிய பிறகும் திருகினார்கள்.

தாள் கைமாறி முன்வரிசைக்கு வந்தது.
ஐந்து கையெழுத்துகள்.
நான்காவதின் மேல் மரீனுஸின் விரல் நின்றது.
"எங்கள் குடும்பப் பெயர்" என்றார்.
"திருச்சபையில் மூப்பராகவும் இருந்தவர்.
அந்த ஞாயிறு விடியலில்
படகில் போய் ஏழு பேரைக் கூரையிலிருந்து இறக்கியவர்.
அதை மட்டுந்தான் எங்களுக்குச் சொல்வார்கள்."

அதுவும் நடந்ததுதான் என்றாள் யகோமினா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது:
ஆராதனையில் பாவ அறிக்கையைத்
தன்மையில் சொல்கிறோம், என் பிழை, எங்கள் பிழை.
வெளியே வந்து வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்ததும்
வினையைச் செயப்பாட்டுக்கு மாற்றிவிடுகிறோம்.
மிஞ்சியதைக் கடவுளின் தலையில் கட்டுகிறோம்.

மரீனுஸ் அழிப்பானை எடுத்தார்.
எடுத்தவர் அதைத் திரும்ப வைத்தார்.
முதல் வாக்கியத்துக்குக் கீழே, சிறிய எழுத்தில்,
நாம்
என்று எழுதிவிட்டு நின்றார்.
வினைச்சொல் வரவில்லை.
இடைவேளை மணி வந்தது.

மாலையில் அறையைத் துடைக்க வந்த அய்செல் கேட்டாள்,
"பலகையை அழிக்கட்டுமா?
இது பாதியில் நிற்கிறதே."

இருக்கட்டும் என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே, இப்போது உயர்ந்துவிட்ட அணைமேல்
ஆடுகள் காற்றுக்கு முதுகு காட்டி மேய்ந்தன.
கையேட்டின் பதினான்காம் பக்கத்தைப் பிரித்து
பென்சிலைத் தேடினேன்.