மூன்றரை மணி ஜீப்

ஒன்பது பேர் வண்டியில் பதினேழு பேர்.
கம்பத்தில் ஐந்தரைக்கு ஏறினால்
என் மடியில் சபூரா, சபூரா மடியில் தூக்குவாளி,
வளைவுக்கு வளைவு புளிக்குழம்பு மணக்கும்.
கம்பம்மெட்டில் போலீஸ்காரர் தலைகளை எண்ணுவார்.
எண்ணி முடிக்குமுன் ராசாங்கம் கியரை மாற்றிவிடுவான்.

பழைய முதலாளி கடனை விட்டுவிட்டுப் போனபிறகு
ஏலத்தோட்டத்தை உழைக்கிறவர்களே நடத்துகிறோம்.
ஸ்டோர் சுவரில் பச்சை பெயிண்டில் மலையாள எழுத்து.
ஏலியாம்மா வாசித்துச் சொன்னாள்:
வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு கை, ஒரு ஓட்டு.
நல்ல வாசகம்தான்.
கூட்டம் வெள்ளிக்கிழமை நாலரைக்கு.
ஜீப் மூன்றரைக்கு.

ஒன்றரை வருஷம்
எங்கள் கைகள் மலையிறங்கிய பிறகே
எங்களைப் பற்றி முடிவானது.
தீர்மானப் புத்தகத்தில் 'ஏகமனதாக' என்று இருக்குமாம்.
பொய்யில்லை. இருந்தவர்கள் மனம் ஒன்றுதான்.
பத்து மணிச் சாயா பத்து நிமிஷமாகச் சுருங்கியது அப்படி.
மருந்தடித்த மூன்றாம் நாளே காய் எடுக்கலாம் என்றானது அப்படி.
சனிக்கிழமை அடிப்பார்கள். திங்களன்று
குத்தவைத்து, செடியின் தூருக்குள் தலையை விடுவோம்.
என் சேலையை வீட்டில் தனியாகத்தான் ஊறவைக்கிறேன்.
ஒச்சம்மாளுக்கு முழங்கை வரை தடிப்பு.
அலர்ஜி என்றார் கம்பவுண்டர். களிம்பு எழுபது ரூபாய்.

ஆடியில் ஒரு வெள்ளி,
ஆறாவது வளைவில் மரம் விழுந்து ரோடு அடைத்தது.
போக வழியில்லாமல்
கூட்டத்தில் உட்கார்ந்தோம்,
தராசுக்குப் பக்கத்தில், ஈரச் சாக்கின்மேல்.

ஏழு நாள் இடைவெளி வேண்டும் என்றேன்.
என் குரல் எனக்கே யாரோடதோ போலிருந்தது.
வர்க்கி எழுந்தார். கெட்ட மனுஷர் இல்லை.
"என் பட்டயம் பேங்கில் கிடக்கு.
தோட்டம் மூழ்கினால் நீங்கள் வேறு ஜீப்பில் ஏறுவீர்கள்.
நான் எதில் ஏற?"
அது நிஜம்.
"எங்க நெஞ்சு எந்த பேங்குல கிடக்கு?" என்றாள் ஒச்சம்மாள்.
அதுவும்.

கை தூக்கச் சொன்னார்கள்.
நாங்கள் பதினேழு, ஏலியாம்மாவோடு பதினெட்டு.
அந்தப் பக்கம் பதினாறு.
சிரித்துவிட்டேன்.
அப்போதுதான் சோம்ரா சாயா டம்ளர்களை எடுக்க வந்தான்.

ஜார்க்கண்டுப் பையன். லயத்தில் அவனோடு இன்னும் மூவர்.
மருந்துக் குழாயைத் தோளில் இழுப்பது அவர்கள்தான்.
எல்லாக் கூட்டத்திலும் இருந்தவன்,
தட்டோடு.
சுவர் வாசகத்தை அவனுக்கு யாரும் இந்தியில் சொல்லவில்லை.
எங்களை விட்டுவிட்டார்களே என்று பொருமிய
பதினேழு வாயில் ஒன்றுகூட.

சபூரா நாலு வருஷம் கல்ஃபில் இருந்தவள், இந்தி வரும்.
கேட்டாள். டம்ளர்களைக் கீழே வைக்காமலே பதில் சொன்னான்:
பீப்பாய்க்கு இவ்வளவு என்று கூலி,
மருந்து குறைந்தால் ஊருக்கு அனுப்புவது குறையும்.
ஆக நாலு கையும் வர்க்கி பக்கம்.

ஜெயிச்சாச்சே, இப்ப அவனை எதுக்கு இழுக்கணும்
என்றது ஒரு குரல்.
யாரென்று சொல்லமாட்டேன்.
நானாகவும் இருக்கலாம்.

வெளியே ஹாரன். மரத்தை அறுத்துவிட்டார்கள்.
பழக்கதோஷம், பாதிப்பேர் தூக்குவாளியைத் தொட்டோம்.
ஒச்சம்மாள் மட்டும் எழுந்து போனாள், மழையில்.
ஜீப் சாவியோடு திரும்பி வந்தாள்,
பின்னாலேயே ராசாங்கம், வாசலில் சொட்டச் சொட்ட.

சாவியைத் தராசுத் தட்டில் போட்டாள்.
"பீப்பாய்க் கூலிய நாள்கூலி ஆக்குனா
அவன் எந்தப் பக்கம் தூக்குவான், அதைக் கேளு.
கேட்டுட்டு ஒண்ணுலேர்ந்து எண்ணு."
பணம் யார் கொடுப்பது என்றார் வர்க்கி.
"அதுக்கும் எண்ணு."

சோம்ரா தட்டை வைக்க இடம் தேடினான்.
சாக்கில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.