இரண்டாவது பொருள்

ஸ்கை தீவில் ஜூலை என்றால்
காற்று செத்த மாலை என்று பொருள்.
மிளகைப் பொடித்து ஊதினாற்போல்
சதுப்பிலிருந்து எழும் மிட்ஜ்.
கண்ணிமை, காதுமடல், கையுறையின் தையல் ஓட்டை,
எதிலும் அதற்கு வழி உண்டு.

எங்கள் விடுதிக்குச் சமைக்க வந்த போக்னா
புட்டியின் முதுகிலிருந்த சொல்லை
எழுத்தெழுத்தாய்க் கடித்தாள்:
ரி பெ லன்ட்.
"பூச்சியை அண்டவிடாதது" என்றேன்.
போலிஷில் அதற்கு என்னவோ சொன்னாள்,
பாதித் தும்மல் மாதிரி இருந்தது.
"இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை.
கடையில் போய் மிட்ஜ் தைலம் என்று சொல்."

அவள் கடைக்குப் போகவில்லை.
சதுப்பு மர்ட்டில் தழையைக் கட்டுக்கட்டாய் அறுத்துவந்து
ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய பானையில்
(என் கணக்கு அது)
மூன்று நாள் கொதிக்கவிட்டாள்.
படிக்கட்டில் வாடை, திரைச்சீலையில் வாடை,
ஓட்ஸ் கஞ்சியிலும்.

லீட்ஸிலிருந்து வந்த தம்பதி
விருந்தினர் ஏட்டில் எழுதிவிட்டுப் போனார்கள்:
படுக்கை நன்று. கடல் தெரிகிறது.
சமையலறை நாற்றம் ரிபெலன்ட்.

அந்த ஒரு சொல்லை மட்டும் அடையாளம் கண்டு
மாவுக் கையோடு ஏட்டைத் தூக்கிக்கொண்டு
மாடிக்கே ஓடிவந்தாள்:
"பார் மர்டினா, வேலை செய்கிறது!"

அகராதி அலமாரியின் மேல்தட்டில்.
நாற்காலி போட்டால் எட்டும்.
நாற்காலியும் பக்கத்திலேயே இருந்தது.

"ஆமாம்" என்றேன்,
"நன்றாகவே செய்கிறது."

அன்றிரவு வாசல் விளக்கைச் சுற்றி
ஒரு பூச்சி இல்லை.
நான்காம் எண் அறை காலி.
ஐந்தாம் எண்ணும்.