கிளினிக் நாளில் விழுங்காத குளிசை

கிளினிக் செவ்வாயில் மட்டும் நான் அதை விழுங்குவதில்லை,
அந்தச் சின்ன வெள்ளை மூத்திரக் குளிசையை.
ஆறு பத்து பஸ் முத்தையன்கட்டில் எடுத்தால்
புதுக்குடியிருப்பு மட்டும் எங்கெங்கோ நிற்கும்.
ஆனால் எழுபத்துநாலு வயதுக்காரன்
எல்லோரும் பார்க்க இறங்கிப்
பற்றைக்குள் போய்வர நிற்காது.

வெறும் வாயோடு போனேன்.
வாங்கில் நாற்பத்தோராவது ஆள்.
பட்டியோடு வந்த மிஸ்ஸியிடம் வலக்கையை நீட்டினேன்.
இடதில் இன்னும் இரும்பு கிடக்கிறது.
அவள் ஏனென்று கேட்கவில்லை. அங்கே யாரும் கேட்பதில்லை.
மேலே நூற்றெண்பத்தாறு, கீழே எண்பத்திரண்டு.
டொக்டர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
புதுசாய் ஒரு குளிசை எழுதினார்.
அடுத்த மாதமும் அதே பஸ், அதே வெறும் வாய்.
இன்னுமொன்று.

வீட்டிலோ மற்ற நாளெல்லாம்
மூன்றையும் தவறாமல் விழுங்கினேன். ஒழுங்கான மனிதன் நான்.

தைப் பனியில் ஒரு விடியல்,
ஆட்டுக்குக் குழை ஒடிக்கவென்று கட்டிலால் எழும்பினேன்.
நிலம் எழும்பி வந்தது.
கண் திறக்க மரகதம் தலைமாட்டில்,
"என்னப்பா, குடிச்சனீங்களோ?" என்கிறாள்,
முப்பது வருடமாய்த் தொடாதவனிடம்.

அயல்வீட்டு ஓட்டோவில் ஏற்றினாள், மூன்று குளிசையும் வயிற்றில்.
டொக்டர் படுக்க வைத்து அளந்தார். நூற்றிமுப்பத்தெட்டு.
எழுப்பி நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து அளந்தார். நூற்றிநாலு.
"ஐயா, கிளினிக்குக்கு வாற நாளிலையும் போடுறனீங்களோ?"
பஸ்ஸைச் சொன்னேன். பற்றையைச் சொன்னேன்.
மிஸ்ஸி சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு
கையிலிருந்த பேனையைத் தேடினாள்.

இருபத்தாறு வருடம் குளத்தில் துருசு திறந்தவன் நான்.
நீர் முட்டி நிற்கிறதென்று பயந்து
கதவு எல்லாவற்றையும் ஒரேயடியாய்த் தூக்கினால்
ஊறிப்போன பழைய கட்டு உள்ளுக்குச் சரியும்.
அரை அங்குலம். ஒரு சுருட்டு. பிறகு இன்னும் அரை அங்குலம்.
டொக்டருக்கு இதை நான் சொல்லவில்லை.
அவர் ஒரு குளிசையை வெட்டினார், ஒன்றைப் பாதியாக்கினார்,
மூத்திரக் குளிசைக்கு நேரே எழுதினார்:
கிளினிக் நாளில், வீட்டுக்குப் போய்.
கருவாட்டை விடச் சொன்னார்.
அதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

இப்போது காலையில் கட்டில் விளிம்பில்
காலைத் தொங்கவிட்டு இருக்கிறேன்.
ஆடு கத்துகிறது.
"எழும்பியாச்சோ?" மரகதம் வெளியிலிருந்து.
"இன்னும் அரை அங்குலம்."