எடைமேடைக்கு ஒரு கையொப்பம்

மணலியில், கண்டெய்னர்கள் வரிசைகட்டும் சாலையோரம்
ஓர் எடைமேடை. தகரக் கொட்டகைக்குள்
என் மென்பொருள் ஓடும் கணினி.
இணையம் கிடையாது.
"வேணாம்மா, பசங்க படம் பாத்துட்டு
லாரிய கோட்டை விட்ருவானுங்க" என்பார் பெர்க்மான்ஸ்.

ஆகவே உரிமம் காகிதத்தில் போகிறது.
பெயர், முடிவுத் தேதி, மேடையின் எண்.
கீழே நூற்று மூன்று எழுத்துகளில்
வாயில் நுழையாத என் கையொப்பம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஒற்றை விரலால் தட்டுவார்.
பூஜ்யமா, ஓ-வா? இரண்டுமுறை போன் வரும்.
மூன்றாம் வருடம் ஓ-வையே எடுத்துவிட்டேன்.

சாவி இரண்டு.
ஒன்று எண்பது மேடைகளுக்கும் நிரலோடு போயிற்று.
யாரும் பிரித்துப் பார்க்கலாம்.
இது நான் போட்டதா இல்லையா
என்று மட்டும் அதற்குத் தெரியும்.
போடத் தெரியாது.

போடத் தெரிந்தது பெரம்பூரில்,
பட்டுப்புடவைகளுக்கு அடியில்,
வைஃபை அட்டையைப் பிடுங்கிய
ஒரு கிழட்டு மடிக்கணினிக்குள்.

ரிச்சி தெருவில் ஒருவன்
2024-ஐ 2029 ஆக்கிப் பார்த்தான்.
ஓர் இலக்கம்தான். மொத்தமும் பொய்த்தது.
மறுவாரம், சரிபார்க்கும் வரியையே வெட்டினான்.
திறந்துகொண்டது.
கள்ளக் கையெழுத்து வராதவன்
காவலாளிக்கு லீவு கொடுத்துவிட்டான்!
சிரித்துவிட்டேன், நிஜமாகவே.

சிரிக்க முடியாதது தணிகாசலம் செய்தது.
கூட்டாளி. பிரிவதற்கு முந்தைய மாலை
நான் டீ போடப் போன நேரத்தில்
இருபத்தாறு உரிமங்கள், முடிவுத் தேதியே இல்லாமல்.
அத்தனையும் அசல்.
சாவி பொய் சொல்லவில்லை, அதுதான் வலி.
கேட்பதற்கு ஒரு சர்வர் இருந்திருந்தால்
செல்லாது என்றிருப்பேன்.
கொட்டகைகளுக்குக் காது வைத்தவள் நானில்லையே.
புதுச் சாவி செய்தேன், புதுப் பதிப்பு அனுப்பினேன்;
எண்ணூரில் பழையது
பழையதையே நம்பிக்கொண்டிருக்கிறது.

புயலடித்த டிசம்பரில்
மூன்று நாள் யாருக்கும் டவர் இல்லை.
நான்காம் நாள் பெர்க்மான்ஸ் கூப்பிட்டார்:
"ஜெனரேட்டர்ல ஓட்டினோம்மா,
தண்ணி லாரி, பால் பவுடர் லாரி, எதுவும் நிக்கல.
எண்ணூர்லயும் நிக்கலயாம்."

எண்ணூரிலுமா என்று கேட்டேன்.
ஆமா என்றார்.
அவருக்கு எதுவும் தெரியாது.

மார்ச்சில் அவருடைய உரிமம் முடிகிறது.
பீரோவைத் திறக்க வேண்டும்,
புடவைகளைத் தூக்கி வைக்க வேண்டும்.